திங்கக்கிழமை மூச்சு

போட்டோவா? இல்லம்மா. எங்க வீட்டுல படம் மாட்டுற பழக்கமே கிடையாது. அந்தச் சுவத்துல கடியாரந்தான் இருக்கு, அதையே எதுக்குப் பாக்குற. உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காரு.

சாயங்காலம் மில்லு முதலாளி இங்க வர்றாரு, எங்கப்பா படத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நிக்கணும்கிறாரு. நின்னுட்டுத்தான் கையெழுத்து. பஞ்சாலை முழுக்கத் தூசு உறிஞ்சுற மெஷின். அவ்வளவுதானே? கேட்டுக்கிட்டேன். நீ பூரிச்சுப் போயிருக்க, தெரியுது. எனக்குப் புடிக்கல.

ஏன்னு கேக்காதன்னு சொல்ல வந்தேன், கேட்டுட்ட.

என் வேல என்ன? அந்த மில்லு ஆளுங்கள ஒரு குழாயில ஊதச் சொல்லி மூச்ச அளக்கறது. தல நரைச்சதே அதுலதான். ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு. திங்கக்கிழமை காலையில உள்ள போறப்ப நல்லா ஊதுவான். சாயங்காலம் வெளிய வர்றப்ப அதே ஆளால அந்த அளவு ஊத முடியாது. நெஞ்ச இறுக்கிப் புடிக்கும். புதன், வியாழன்ல கொஞ்சம் விடும். அடுத்த திங்கள் மறுபடியும் அதே கூத்து. ஞாயித்துக்கிழமை குடிச்சிருப்பான், வேலைக்கு வராம இருக்க நடிக்கிறான்னு மேஸ்திரி சொன்னாரு. அவனவன் பொண்டாட்டியும் அதத்தான் சொன்னா. நான் குடிக்காத ஆளுங்களத் தனியாப் பிரிச்சு அளந்தேன். அவங்களுக்கும் அதேதான். ஓய்வுல இருந்த நெஞ்சு, தூசு பட்டதும் மூடிக்குது. வருஷக்கணக்கா பட்டா அப்புறம் எந்தக் கிழமையும் தெறக்காது. இதுதான் நான் கண்டது. இதுல என்னம்மா கொறைச்சல்?

அந்த முதலாளிகிட்ட இத கோடு போட்டு, கட்டம் போட்டு காட்டினேன். கொட்டாவி விட்டாரு. மறுவருஷமும் போனேன். நான் பேசப் பேச அவரு போன்ல யாருக்கோ ஜோக்கு சொல்லிக்கிட்டிருந்தாரு. செவிடன் காதுல ஊதின சங்கு.

அப்புறந்தான் எங்க ஆராய்ச்சிக் கூடத்துல உன்னக் கொண்டாந்தாங்க. ஆராய்ச்சிய கதையாச் சொல்றவ. எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வேற. பலகையில மலை மாதிரி ஒண்ண வரஞ்சு, இங்க நாயகன், இங்க கஷ்டம், இங்க கண்ணீர்னு கோலு வெச்சுக் காட்டுன. எலி ஆராய்ச்சிக்காரர் எழுந்து, எங்க நாயகன் கடைசியில அறுபடுவாரே, பரவாயில்லையான்னாரு. அவரு கிண்டல் பண்ணாரும்மா. நீ அதையும் குறிச்சுக்கிட்ட.

வெளிய வந்து என்னப் புடிச்சுக்கிட்ட. இந்த வேலைக்கு ஏன் சார் வந்தீங்கன்ன. பேராசிரியர்கிட்ட ரெண்டு தலைப்பு இருந்துச்சு, இன்னொண்ணு கரப்பான்பூச்சி, எனக்கு அது அருவருப்புன்னேன். நெசம் அதுதான். உன் மூஞ்சி தொங்கிப்போச்சு. வீட்டுல யாருக்காவதுன்னு இழுத்த. அப்பா அந்த மில்லுலதான் வேல பாத்தாரு, இருமல் உண்டுன்னேன். பஸ்சு வந்துச்சு, ஏறிட்டேன். மீதிக்கு நீயே கண்ணு காது மூக்கு வெச்சுட்ட.

அழகா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களா? சொல்லுவாங்க.

மண்டபத்து மேடையில நின்னு அந்தக் கதைய நீ படிக்கிற. வெளிய மழயாம். அப்பா என் கையப் புடிச்சுக்கிட்டு, மகனே, என் மூச்சு போனாப் போகட்டும், மத்தவங்க மூச்சக் காப்பாத்துன்னு சொல்லிட்டுக் கண்ண மூடுறாராம். எங்கப்பா மகனேன்னு கூப்பிடுற ஆளா? டேய்னு கூப்பிட்டாலே அன்னிக்கு நல்ல மனசுல இருக்காருன்னு அர்த்தம். முன் வரிசையில அந்தக் கல்லுளிமங்கன் முதலாளி கைக்குட்டையில மூக்கச் சிந்துறாரு. பக்கத்து சீட்டு அம்மா என் முதுகத் தடவிக் குடுக்குறாங்க. சீ. எழுந்து கத்திடலாம்னு முட்டிய ஊனினேன். அதுக்குள்ள அவரு மேடையேறி, எல்லாப் பிரிவுக்கும் மெஷின் போடறேன்னு மைக்குல சொல்லிட்டாரு. உக்காந்துட்டேன்.

இத்தன வருஷத்துல ஒரு ஆளோட மூச்சக்கூட ஒரு கோடு கூட்டியோ கொறைச்சோ எழுதினதில்ல நான். நெசத்தச் சொன்னப்ப கொட்டாவி. பொய்யச் சொன்னதும் மெஷின். உம்மேல கோவம் இல்ல. கொஞ்சம் இருக்கு. அந்த மண்டபத்து மேலதான் ரொம்ப. இவங்களுக்கு ஒரு ஆளு செத்துக் காட்டணும்.

பயப்படாத, முதலாளிகிட்ட நான் எதுவும் ஒளறமாட்டேன். தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்பா படம் எடுத்துக்கப் புடிக்காத மனுஷன்னு நீ சொல்லிடு, அது உன் வேல. ஒளறிடலாம்னுதான் இருந்தேன். காலையில அப்பாகிட்ட கேட்டேன், அவரு வேணாம்னுட்டாரு.

அப்பாகிட்டதான். உள் ரூம்ல சட்ட மாத்திக்கிட்டு இருக்காரு.

என்னத்தப் பாக்குற? உயிரோட இருக்காரான்னு நீ கேக்கவே இல்லையேம்மா.

உன் கதைய அவருக்குப் படிச்சுக் காட்டினேன். மழ வர்ற எடம் வரைக்கும் கேட்டாரு. போயும் போயும் உன் கையவாடா புடிச்சேன்னாரு. நான் போய் உண்மையச் சொல்லிடுறேன்னேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, டேய், நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், மொத மெஷினப் பஞ்சு பிரிக்கிற பக்கம் மாட்டச் சொல்லு.

கீழ உன் கார்தானே நிக்குது? முதலாளி வர்றதுக்குள்ள அப்பாவக் கொண்டுபோய் என் தங்கச்சி வீட்டுல விட்டுடு. ரெண்டு தெரு தள்ளித்தான், அவரே வழி காட்டுவாரு. படியில பாதி வந்ததும் உக்காருவாரு, அவசரப்படுத்தாத. முன் சீட்டுல உக்கார வெச்சு கண்ணாடிய எறக்கி விடு. மன்னிப்பு கின்னிப்புன்னு எதையாவது கேட்டு வைக்காத. பதில் சொல்லப் பாப்பாரு, அவரால முடியாது.