காலமை நாலு, பின்னேரம் நாலு

— இந்த மருந்துப் பிறிஜ் தாளைப் பாருங்கோ வீரபாகு அண்ணை. ஜனவரி பதினொண்டு, காலமை நாலு டிகிரி, பின்னேரம் நாலு. பன்ரெண்டு, காலமை நாலு, பின்னேரம் நாலு. பத்தொன்பது மட்டும் ஒரே நாலுதான்.

— நாலு இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க மிஸியம்மா.

— இருக்கவேணும் எண்டு சொன்னனான். சும்மா எழுதச் சொன்னனானோ? அந்த ஒம்பது நாளும் சண்டையால பாதை பூட்டு. நான் பளையில அகப்பட்டுப்போய்க் கிடந்தனான். இஞ்ச ஒரு போத்தில் மண்ணெண்ணெய் வந்ததே?

— வரலீங்க.

— கீழ விளக்கெரிஞ்சால்தானே உந்தப் பிறிஜ் மேல குளிரும்? எதில எரிஞ்சது, உங்கட மூச்சிலயோ? வாயைத் திறவுங்கோ! செல்வராசாவின்ர பிள்ளையின்ர செத்தவீட்டால வாறன். தாட்டாச்சு. சின்னமுத்து அம்மை. மாசிக் கிளினிக்கில என்ர கையால ஊசி போட்ட பிள்ளை. தாய்க்காரி கமலாசனி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேக்கிறாள், "மிஸி, நீங்கள் போட்டனீங்கள்தானே, பிறகேன் வந்தது?" எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?

— பொங்கலன்னைக்கு விடியவே வெளக்கு அணைஞ்சு கெடந்துச்சும்மா. சங்கக்கடையில எண்ணெ இல்ல, எங்கயும் இல்ல. பக்கத்து வீட்டு சுப்பம்மாவோட குப்பி வெளக்குல இருந்ததக்கூட கெஞ்சி வாங்கி ஊத்தினேன். ஒரு ராத்திரிதான் தாக்குப் புடிச்சுது.

— அதை அப்பிடியே எழுதியிருக்கலாமே!

— எழுதினா? எனக்கு மொத இருந்த பொன்னையா பதினெட்டுன்னு உள்ளத எழுதினாரு. அடுத்த மாசம் அவருக்கு வேல இல்ல. அவராச்சும் ஊர்க்காரரு, வயலு கெடக்கு. நான் எழுபத்தேழு கலவரத்துல தேயிலத் தோட்டத்துலருந்து அடிபட்டு ஓடியாந்தவன். பத்து வருசமாச்சு, இன்னும் பிரஜாவுரிமைக் கடதாசி இல்ல. நாள் கூலிக்கு நிக்கிறவன எவன்மா கேப்பான்?

— அதுக்காக? ஐயோ, நாப்பத்தொரு பிள்ளையள் அண்ணை! நான் திரும்பி வந்த நேரமாவது ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவ்வளவு மருந்தையும் வாய்க்காலுக்க ஊத்தியிருப்பன்.

— நீங்க வரயில எண்ணெ வந்திருச்சு, ஏத்தி வச்சிட்டேன். கைய வச்சுப் பாத்தா சில்லுன்னு இருந்துச்சு. திரும்பக் குளுந்துட்டா மருந்தும் சரியாயிரும்னு நெனச்சுட்டேன். சாமி சத்தியமா அம்மா.

— சரி வராது அண்ணை. ஒருக்காச் சூடு பிடிச்சால் பிறகு அது வெறுந்தண்ணி. நாப்பத்தொரு பிள்ளையளுக்கும் நான் தண்ணியைத்தான் குத்தியிருக்கிறன். "சிவனேஸ்வரி மிஸி போட்டது, இனி வராது" எண்டு நம்பி, சனம் சின்னமுத்து வந்த வீட்டுக்கயே பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு திரியுது.

— அழாதீங்கம்மா.

— அழாமல் என்ன செய்ய? உங்களைப் பேசியும் என்ன? நாலு எழுதப் பழக்கினனான், ஏன் நாலு எண்டு ஒருநாளும் சொல்லித் தரேல்லை. அது என்ர பிழை. மேலிடத்துக்கு எழுதேக்க, எண்ணெய் இல்லாமல் மருந்து பழுதாப் போச்சு எண்டு மட்டும் எழுதுறன். உந்தத் தாள் என்னோட இருக்கட்டும். உங்கட பேர் வராது.

— அம்மா, நீங்க தெய்வம்மா...

— தெய்வமும் மண்ணாங்கட்டியும். காலை விடுங்கோ, எழும்புங்கோ. கிளிநொச்சியில இருந்து ஐஸோட புது மருந்து வந்திருக்கு. சைக்கிளை எடுங்கோ, வீடுவீடாப் போய்த் திருப்பிப் போடவேணும். முதல் உங்கட வீடு. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாங்கோ.

— அவளுக்கு வேணாங்க.

— என்ன கதை இது? மாசிக் கிளினிக்குக்கும் காய்ச்சல் எண்டு அவளைக் கொண்டு வரேல்லை. ஊசியே போடாத பிள்ளை, அவளுக்கெல்லோ முதல்ல போடவேணும்!

— போட்டாச்சும்மா. பாதை தெறந்த அன்னைக்கே, மொத பஸ்ஸுல வவுனியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி போட்டுட்டு வந்துட்டேன்.