வாகீசனுக்காக நாம் எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள்

தலைவர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் வாகீசனின் துணைவியார் சந்திரவதனா அவர்களே, வேலைநாளிலும் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு மார்க்கம், விட்பி நகரங்களிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் "சட்டத்தரணி வாகீசன்" என்று அச்சடித்திருக்கிறோம். அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்தேன்.

வாகீசன் பல்கலைக்கழகம் போகவில்லை. கொழும்புச் சட்டக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு எழுதிப் படித்து, ஒரு மூத்தவரிடம் பயிற்சி பெற்று, அங்கே சட்டத்தரணியானவர். இங்கே கனடாவில் அது மட்டும் போதவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். நம்மில் எத்தனை பேருடைய அகதி விண்ணப்பத்தை அவர் நிரப்பினார்! கை உயர்த்த வேண்டாம், மண்டபம் சிறியது.

"லோயர்" என்று கூப்பிட்டால் உடனே திருத்துவார்: "அண்ணை, நான் லோயர் இல்லை, கிளாக். லோயர் உள்ளுக்கை இருக்கிறார்."

நாம் என்ன சொன்னோம்? தன்னடக்கம் என்றோம்!

ஐம்பத்தாறு வயதில் இந்நாட்டுத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறினார். உரிமம் பெற மிஞ்சியது நன்னடத்தைச் சான்று. இரண்டு கடிதங்கள் போதும் என்றார். நாம் இரண்டோடு நிற்பவர்களா? சங்கச் செயலாளரான நான் நாற்பத்தொன்று திரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: "இருபது வருடமாக இவர்தான் எங்கள் லோயர்." அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான்.

அவற்றைப் படித்த உரிமச் சபை, இவர் உரிமமின்றித் தொழில் செய்தாரா என்று விசாரணை தொடங்கியது. எந்த எதிரியால் இத்தனை சாட்சிகளைத் திரட்டியிருக்க முடியும்?

என்னிடம் வந்தார். "அண்ணை, கோவம் ஒண்டுமில்லை. ஆனா இனி ஒருத்தரும் எனக்கு உதவி செய்யாமப் பாத்துக் கொள்ளுங்கோ."

நான்கு மாதத்தில் மாரடைப்பு.

சென்ற வாரம் சந்திரவதனாவுக்குச் சபையின் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் இறந்ததால் கோப்பு மூடப்பட்டதாம். அவர் என்னிடம் கேட்டார்: "அப்ப இவர் பிழை செய்தவரோ, இல்லையோ, அண்ணை?"

கடிதத்தில் அதற்கு விடை இல்லை. விடை சொல்ல வேண்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறோம்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். அவர் தன்னை ஒருநாளும் லோயர் என்று சொன்னதில்லை என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். மூடிய கோப்பானாலும் அனுப்புவோம்; பதில் வரும்வரை அனுப்புவோம். உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள். இம்முறை நான் ஒரு வரியும் தரமாட்டேன்.

பிரியந்தன் தம்பி, முதல்ல உந்தப் பதாகையைக் கழட்டு. படம் மட்டும் இருக்கட்டும்.