இரண்டாவது சீட்டிங்

“ஊட்டுல ராவைக்கி எத்தின மணிக்கி சாப்பிடுற?” என்று மர்லியா மிஸ் என்னைக் கேட்டார்.

மர்லியா மிஸ் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப். கர்ப்பமாக இருந்த என் அண்ணியின் எடை ஏறவில்லை என்பதால், அன்று நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே விசாரிக்க வந்திருந்தார். அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். வாசல் இஸ்தோப்பில் நின்றபடி, போகிற போக்கில் கேட்ட கேள்வி அது. வேறு யாராக இருந்தாலும் ‘ஏழு எட்டுக்கு மிஸ்’ என்று முடித்திருப்பார்கள். என்னிடம் கேட்டது அவருடைய கெட்ட நேரம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடையில் தீப்பெட்டி கேட்கக்கூட எனக்கு நாக்கு எழாது. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் நெடுநாளாகப் பதில் தயாராக இருந்தது. யாரும் கேட்கத்தான் இல்லை.

“ரெண்டு சீட்டிங் மிஸ்,” என்றேன். “மொத சீட்டிங் ஆறு மணிக்கு. ரெண்டாவது ஏழரைக்கு. கால் மணி நேரம் பிந்தினா கதவ சாத்திருவோம்.”

மிஸ் சிரித்துவிட்டார். “அல்லாவே, இது லயமா, ஹோட்டலா?”

“கப்பல் மிஸ்.”

வெளியாள் ஒருவரைச் சிரிக்க வைத்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்னது பகிடி அல்ல என்பதை மிஸ் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகும் யாரும் கவனிக்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் கிருஷாந்த் உல்லாசக் கப்பல் ஒன்றில் வெயிட்டர். கப்பலில் ஏறுகிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட அங்கிருக்கும் மண்டபம் போதாது. அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி வைப்பார்கள். அதற்குப் பெயர் சீட்டிங். வயதானவர்களும் குழந்தைக்காரர்களும் முதல் சீட்டிங், மற்றவர்கள் இரண்டாவது. இதெல்லாம் அண்ணன் எனக்குப் போனில் குரல் பதிந்து அனுப்பிய பாடங்கள்.

“கோடீஸ்வரனா இருந்தாலும் சரி நிரோ, பிந்தி வந்தா கதவு சாத்தித்தான். அரைக்கால்சட்டையோட வந்தா திருப்பி அனுப்பிருவோம். ஒரு தொரைய நான் திருப்பி அனுப்புறேன்னு நெனச்சுப் பாரு.”

நான் நினைத்துப் பார்த்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

கப்பலுக்குப் போகுமுன் அண்ணன் நிவித்திகலை டவுனில் ஒரு பிளாஸ்டிக் மேசையும் இரண்டு கதிரையும் வாங்கிப் போட்டிருந்தான். அதுவரை நாங்கள் குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, பசித்தவர் பசித்த நேரத்தில் சாப்பிட்டவர்கள். மேசை வந்த பிறகு நான் வீட்டைக் கப்பலாக்கினேன். என் பள்ளிக்கூடச் சீருடையை வெட்டி நாப்கின் தைத்தேன். அந்த வெள்ளைத் துணி படிப்புக்கு உதவியதைவிட நாப்கினுக்கு நன்றாகவே உதவியது. சாப்பாட்டின் நடுவில் எழுந்தால் நாப்கினைக் கதிரையில் போட வேண்டும். திரும்பி வருவேன் என்று அதற்கு அர்த்தம். மடித்துத் தட்டுக்கு இடப்பக்கம் வைத்தால், முடிந்தது, இனி வர மாட்டேன் என்று அர்த்தம். மேசையை விட்டு எழும்போது உடன் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழ வேண்டும். இவ்வளவையும் நான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

என் அப்பா ஏழுமலை தேயிலைத் தொழிற்சாலையில் இராக்காவல். ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனால் காலையில்தான் வருவார். முதல் சீட்டிங்குக்கு அவரைவிடப் பொருத்தமான பயணி கிடைக்க மாட்டார்.

“சனிக்கிழமையில கோட்டு போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடணுமாம்பா,” என்றேன்.

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்குடி. மழைக்கோட்டு.”

சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நான் கையில் துவாயைத் தொங்கவிட்டு, அவருக்குப் பருப்பும் கருவாடும் பரிமாறினேன். எங்கள் கப்பல் மிக நல்ல கப்பல். தண்ணீர் மட்டும்தான் இல்லை.

போன மார்கழியில் அண்ணன் லீவில் வந்து ஷாமிளா அண்ணியைக் கல்யாணம் செய்தான். கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கப்பல்காரன் கட்டிவிட்டு ஓடிவிடுவான், நீ மாமனார் வீட்டில் கிடந்து சாவாய் என்று அவளுடைய வீட்டார் மறித்திருக்கிறார்கள். நான் சமாளிப்பேன் என்று சவால் விட்டுவிட்டு வந்தவள். அண்ணன் திரும்பிப் போனபோது அண்ணி முழுகாமல் இருந்தாள். டவுனில் ஜுனைதீன் முதலாளியின் துணிக்கடையில் வேலைக்குப் போனாள்.

கடை பூட்டி, பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, மேடு ஏறி அவள் வரும்போது எட்டு மணி ஆகிவிடும். அவளுக்காகவே நான் எட்டரைக்கு இரண்டாவது சீட்டிங் வைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நான் நல்ல வெயிட்டராகத்தான் இருந்தேன். சுடுசோறு, இரண்டு கறி, மடித்த நாப்கின். அண்ணி எல்லாவற்றையும் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அப்பாவைப் போல நாப்கினில் மூக்குச் சிந்தவில்லை.

ஒரு நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டே போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து அண்ணனோடு பேசினாள். நான் துவாயும் கையுமாகப் பின்னால் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டான்.

“இங்க பாருடா, எங்க ஹெட் வெயிட்டரே தோத்துருவான்!”

எனக்கு முகம் சுட்டது. சொதி எடுக்கப் போவதுபோல் குசினிக்குப் போனேன். நான் போய்விட்டேன் என்று நினைத்து அண்ணன் மெல்லச் சொன்னான். “பாவம், விடு. அவளுக்கு வேற என்ன வேல இருக்கு.”

“சும்மா இருங்க, கேட்டுறப் போறா,” என்றாள் அண்ணி. இருவரும் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் எனக்குப் பாடம் எதுவும் அனுப்பவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அது பெரிய விஷயம் இல்லை. அவன் சொன்னதும் பொய் இல்லை. எனக்கு வேறு வேலை இல்லைதான். இருக்கிற ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவு செய்தேன். அந்த வாரமே இரண்டாவது சீட்டிங் ஏழரைக்கு மாறியது.

காரணங்கள் நியாயமானவை. விறகு மிச்சம். நானும் நேரத்துக்குப் படுக்கலாம். வீட்டிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதல் நாள் அண்ணி வந்தபோது சட்டிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அடுப்பை மெழுகியிருந்தேன். மெழுகிய அடுப்பை விடியும்வரை மூட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

“சோறு இருக்கா நிரோ?”

“சீட்டிங் முடிஞ்சிருச்சு அண்ணி.”

அண்ணி சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஆறிய பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கட்டிலில் கொடுத்தேன். கப்பலில் அதற்கு ரூம் சர்வீஸ் என்று பெயர்.

இரண்டாம் நாளும் சிரித்தாள். அடுத்த நாள் மேசையைப் பார்த்தாள், மெழுகிய அடுப்பைப் பார்த்தாள், “எனக்கும் பெருசா பசி இல்ல நிரோ,” என்றாள். அதை நான் அப்படியே நம்பினேன். ஒருவர் பசியில்லை என்று சொன்ன பிறகு வற்புறுத்துவது மரியாதை இல்லை. மீந்த சோற்றைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர்களின் நாய்க்குக் கொட்டினேன். அந்த நாய் எந்த நேரத்துக்கு வந்தாலும் நான் கதவைச் சாத்தியதில்லை.

அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. கடலில் நிற்கிறவனுக்கு ஏன் தலைவலி என்று நினைத்திருப்பாள். தாய்வீட்டுக்குச் சொல்லவும் வாய் இல்லை, சவால் விட்டு வந்தவள். அப்பா வீட்டில் இல்லாத நேரம். அண்ணி பகலுக்குக் கொண்டுபோகும் பார்சலையும் நான்தான் கட்டினேன். கப்பலில் தட்டு நிறையப் போட மாட்டார்கள். நடுவில் கொஞ்சமாக வைத்து, மேலே ஒரு இலையை அழகுக்கு வைப்பார்கள். நானும் கொஞ்சமாக வைத்து, மேலே ஒரு கறிவேப்பிலை வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் மர்லியா மிஸ் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். போகும்போது கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷ மாவுப் பைக்கட்டுகளை என் கையில் தந்தார்.

“இது அவக்கி மட்டும். ஊட்டுல எல்லாருக்கும் பங்கு வெக்கப்படாது, செல்லிட்டேன்.”

முதல் சீட்டிங்கில் கடைசியாக இனிப்பு வைக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் குறை. அந்த மாவில் தேங்காய்ப் பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தேன்.

“என்னாடி இது, மாட்டுத் தீனி மாதிரி?” என்றார் அப்பா. பிறகு இன்னும் இரண்டு கேட்டார். என்ன மாவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிச்சத்தை நான் சாப்பிட்டேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எடை ஏறியது எனக்கு மட்டும்தான். பாவாடை இடுப்பைப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

ஆவணியில், மாதம் நிறையுமுன்பே, அண்ணிக்கு வலி எடுத்தது. இரத்தினபுரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. ஓர் இரவு இருந்தது. குழந்தையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்த அப்பா, கை கழுவிக்கொண்டே, “கடையில வாங்குற ரெண்டு இறாத்தல் பாண் தூக்குன மாதிரி இருந்துச்சு,” என்றார். அன்று அவர் முதல் சீட்டிங்குக்கு வரவில்லை. நான் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தேன்.

டாக்டர் அண்ணியிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்திருக்கிறார். “நல்லாத்தான் சாப்பிட்டேன்,” என்று சொன்னாளாம்.

அண்ணனால் வர முடியவில்லை. ஆனால் நெடுநாளைக்குப் பிறகு எனக்குக் குரல் அனுப்பினான். “நிரோ, அவள நல்லா சாப்பிட வை. ஒன்னைய நம்பித்தான் இருக்கேன்.” அழுதுகொண்டே பேசியிருந்தான். எனக்கென்று வந்த குரல். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அண்ணியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர நான்தான் போனேன். டவுனில் அவள் வழக்கமாக வரும் பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் எங்களுக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டிருந்தார். சிங்களத்தில் அண்ணியிடம் ஆறுதல் சொன்னார்.

“கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி இந்த நங்கி இருக்கும்போது ஒங்களுக்கு என்ன கவல. ஒங்க மேல எவ்வளவு பாசம். புதுவருஷத்துக்கு முந்தி ஒரு நாள் சந்தியில நின்னு, பயந்து பயந்து எங்கிட்ட கேட்டிச்சே, அக்கா வர்ற பஸ் எத்தன மணிக்கு வரும்னு. ஏழே முக்காலுக்கு முந்தி வரவே வராதுன்னு சொன்னேன்.”

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தாள். துணிக்கடையில் வேலை செய்கிறவள், கணக்கில் கெட்டிக்காரி.

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தீப்பெட்டி கேட்கக் கூசுகிறவள், அன்று தனியாகச் சந்திக்கு இறங்கிப் போய், அறியாத ஆம்பிளையிடம் சிங்களத்தில் கேட்டேன். பதிலைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் ஏழரை என்று வைத்தேன். கால் மணி நேரச் சலுகையையும் சேர்த்தால், அண்ணி சந்தியில் இறங்கும்போது கதவு சாத்தியிருக்கும். மேடு ஏறுவது அதற்கு மேல். அந்த மேட்டுக்கு நான் பொறுப்பில்லை, அது தோட்டம் வெட்டிய வெள்ளைக்காரன் வைத்தது. மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. அண்ணியைப் பட்டினி போட்டேன். வயிற்றில் இருந்ததையும் சேர்த்துத்தான் போடுகிறேன் என்று தெரிந்தே போட்டேன்.

மறுநாள் அண்ணியைக் கூட்டிப்போக அவளுடைய தமையன் ஓட்டோவோடு வந்து கீழே பாதையில் நின்றான். ஆறு மணி. நான் அண்ணியை முதல் சீட்டிங்குக்குக் கூப்பிட்டேன். கோழிக்கறி, முட்டை, பருப்பு, சுடுசோறு. தட்டு நிறையப் போட்டேன். அண்ணி வந்து உட்கார்ந்தாள். நாப்கினை எடுத்து மடியில் விரித்தாள். சோற்றிலிருந்து ஆவி அடங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாப்கினை எடுத்து, ஓரம் பிசகாமல் மடித்து, தட்டுக்கு இடப்பக்கம் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பைத் தாண்டி இறங்கினாள்.

மேசையை விட்டு எழும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழ வேண்டும். அண்ணி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனாள். பழக்கம் போதாது என்று நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.