பின்கழுத்து

உங்கள் கொண்டை வலது பக்கம் சரிகிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. வெகுநேரமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், எழுதும்போது தலையைச் சாய்க்கிறீர்கள், ஊசி நழுவத்தான் செய்யும். நாற்பதைத் தாண்டினால் முடி மெலிந்துவிடும். மெலிந்த முடியில் ஊசிக்குப் பிடிமானம் இருக்காது. கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டால் உங்களுக்கு எடுப்பாக இருக்கும். காலையில் வேலையும் மிச்சம்.

சொல்கிறேன், அவசரம் இல்லை. அந்த ஊசிகளை நீங்கள் ஸ்டேஷன் மேஜைமேல் எடுத்து வைத்தபோதே சொல்லிவிட்டிருப்பேன், நீங்கள்தான் தண்ணீர் குடிக்கச் சொன்னீர்கள்.

எங்கள் கயிறு ஆலையில் நார் முறுக்கும் இயந்திரத்துக்கு அடியில் ஒரு இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே நார் கயிறாகும், கீழே பிசிறும் தூசியும் சேரும். சேரவிட்டால் இழை அறுந்துபோகும். ஆகவே அடிக்கடி குனிந்து கையை விட்டுப் பிசிறை இழுத்துப் போட வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுக்கவும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. நிறுத்தினால் மேஸ்திரி வாயில் என்ன வரும் என்பதைச் சுவரில் எழுதவில்லை. யாரும் நிறுத்துவதில்லை. தண்டுக்கு ஒரு மூடி உண்டு. மூடி இருந்தால் கை நுழையாது என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்து எத்தனையோ காலமாகிறது. அதன்மேல்தான் சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்குவோம்.

அதனால்தான் தலைத்துணி. முடியை வாரி, பின்னி, சுருட்டி, ஊசி குத்தி, அதன்மேல் துணியைச் சுற்றிக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும். தன் பின்கழுத்து யாருக்கும் தன் கண்ணில் படாது. ஆகவே மணி அடிக்குமுன் வாசலில் வரிசையாக நிற்கும்போது, பின்னால் நிற்பவள் முன்னால் நிற்பவளுக்கு முடிச்சுப் போடுவாள். இரட்டை முடிச்சு. போட்டு முடித்ததும் தோளில் ஒரு தட்டு. தட்டு விழுந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகலாம். யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கம் இல்லை அது. பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது.

அப்படி ஒரு வேலையில் ஆயுசைக் கழித்தவள் முகத்தைப் பார்த்து வயது சொல்ல மாட்டாள், பின்னந்தலையைப் பார்த்துச் சொல்வாள். வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருத்திக்கும் கை கொள்ளாத பின்னல். ரெண்டு பிள்ளை பெற்றதும் பின்னல் பாதியாகும். அப்புறம் கொண்டை. கொண்டை முதலில் ஆரஞ்சுப் பழ அளவு, பிறகு எலுமிச்சை, பிறகு வெறும் ஊசிதான் இருக்கும், கொண்டை இருக்காது. சிலபேர் டை அடிப்பார்கள். கழுத்து மடிப்பில் கறுப்பு வழியும், நெற்றி ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். எனக்குப் பின்னால் நிற்கும் சாக்கு தைக்கிறவள் ஒருத்தி அப்படித்தான். அவளை எல்லோரும் "தார் ரோடு" என்று கூப்பிடுவார்கள். அவளும் "ஆமாண்டி, ரோடு போட்டா வண்டி வரும்ல" என்பாள். நல்ல மனுஷி. எனக்கு முடிச்சுப் போட வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. என் தலை எப்போதும் ஒட்ட வெட்டிய தலை. சும்மா தோளில் தட்டிவிடுவாள்.

எனக்கு முன்னால் என் தங்கை நிற்பாள். அவளைச் சின்னவள் என்றே சொல்கிறேன், நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டு வந்தோம்.

ஐம்பதைத் தாண்டியும் சின்னவளுக்கு முடி இடுப்பைத் தொட்டது. நரை இருந்தது, ஆனால் நரையும் அடர்த்தியாக, கறுப்போடு சேர்ந்து இழை இழையாக ஓடும். அது தானாக வந்ததில்லை, மேடம். அம்மா கல் உடைக்கிற இடத்தில் காய்ச்சலில் போனபோது அவள் கைப்பிள்ளை மாதிரி, தலை நிறையப் பேன். இருந்தது ஒரு வாளித் தண்ணீர், ஒரு சீப்பு. ரெண்டு தலைக்குப் போதாது. என்னுடையதை வெட்டினேன். அன்றையிலிருந்து நான் வளர்க்கவில்லை. வளர்க்க நேரமும் இல்லை. அவள் தலைக்கே என் காலை நேரம் சரியாகப் போயிற்று.

ஒரு தடவை என்னைப் பெண் பார்க்க ஒருத்தர் வந்தார், இயந்திரம் பொருத்துகிற வேலைக்காரர், நல்ல சம்பாத்தியம். என் தலையைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்ல கொட்டிடுச்சா" என்று கேட்டார். "இல்ல, வெட்டினது" என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கும் சின்னவளுக்குத் தலை வாரிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

நான் அவளிடம் சொல்லாமல் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தினமும் சொன்னேன். ஆலையில் எல்லோருக்கும் தெரியும், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"வெட்டித் தொலைடி. இந்த வயசுல எதுக்குடி இவ்வளவு? தண்டுல மாட்டினா உயிர் போயிடும்."

"வெட்டிட்டா உனக்குக் காலைல வேலையே இல்லாமப் போயிடும்க்கா" என்பாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் சீப்பால் மண்டையில் ஒன்று வைப்பேன். அவ்வளவுதான். பின்னுவேன், சுருட்டுவேன், ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்துவேன். வாயில் ஊசி இருக்கும்போது பேச முடியாது. அந்த நேரம் முழுக்க அவள்தான் பேசுவாள்.

போன வருஷத்திலிருந்து அவள் பேச்சில் ஆலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர் வந்துகொண்டிருந்தார். மனைவி இல்லாதவர். வாய்க்கொழுப்பு உண்டு, கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு நாள் ஆலை வாசலில் என்னிடம், "அக்கா, உங்க தங்கச்சி முடியைக் கொடுத்தீங்கன்னா நார் வாங்குற செலவு மிச்சம். ஒரு லாரி மூட்டை கட்டலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று சின்னவள் சொன்னபோது நான் தடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அவர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். "எங்க போனாலும் காலைல தலை வார உன்கிட்டதான்க்கா வருவேன்" என்றாள். அப்படியென்றால் சரி என்றேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவளுக்குப் புதுத் துணிகூட எடுத்துக் கொடுத்தேன். அவருக்கும் ஒரு சட்டை.

அந்தக் காலைக்கு வருகிறேன்.

வாரினேன். பின்னினேன். சுருட்டினேன். ஊசிகள் என் பல்லில் இருந்தன. அவற்றை எடுத்து என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கொண்டையை உள்ளங்கையால் ரெண்டு தடவை அழுத்திவிட்டேன், ஊசி குத்தினால் அழுத்துவது போல. அவள் எழுந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். தொட்டுப் பார்க்கவில்லை. என்றைக்குத் தொட்டுப் பார்த்தாள்?

ஒட்ட வெட்டிய தலைக்காரி பையில் கொண்டை ஊசி எதற்கு என்று நீங்கள் கேட்டீர்களே, அது புத்திசாலித்தனமான கேள்வி. ஆலைக்காரர்கள் யாருக்கும் தோன்றவில்லை. தலைத்துணி கிழியாமல் முழுசாகக் கிடந்ததையும் அவர்கள் பார்க்கவில்லை. மாட்டியிருந்தால் கிழிந்திருக்கும், தானாக அவிழ்ந்ததால்தான் முழுசாகக் கிடந்தது. ஏனென்றால் வரிசையில் நான் போட்டது இரட்டை முடிச்சு இல்லை. இழுத்தால் உருவிக்கொள்கிற ஒற்றை முடிச்சு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போட்டேன், தோளில் தட்டினேன். அவள் உள்ளே போனாள்.

முதல் தடவை குனிந்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்கு ஒரு ஆசுவாசம்கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நடந்தால் நடக்கட்டும், நடக்காவிட்டால் போகட்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். என் பாட்டுக்கு என் இழையைப் பார்த்தேன். அப்புறம் அவள் துணி தோளில் வழுக்கிக் கீழே விழுந்தது. இயந்திரச் சத்தத்தில் அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து பிசிறு எடுத்துக்கொண்டே இருந்தாள். கொண்டை மெல்லப் பிரிந்தது. பின்னல் ஒரு பக்கமாக இறங்கி அவள் கைக்கு முன்னால் தொங்கியது. நுனியில் நான் கட்டிய நீல நூல் தெரிந்தது.

கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

நிறுத்துகிற பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அது அவள் இயந்திரத்துக்கு மட்டும் உள்ளதில்லை, மொத்த வரிசைக்கும் உள்ளது. அதை அழுத்தினால் எல்லா இழையும் அறுந்துபோகும். எல்லோருக்கும் அரைநாள் வேலை வீண். தார் ரோடுதான் ஓடிவந்து அழுத்தினாள். அவளுக்கு எப்போதும் அவசரம். அழுத்தியும் பிரயோசனம் இல்லை, தண்டு உடனே நிற்காது, கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். மற்றதை நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். வயதான பெண்கள் நீளமாக முடி வைத்துக்கொள்வதுதான் காரணம் என்றார். இந்த வயதில் அழகு காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டார். யாரும் மூடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமே அத்தனை பேரும் வெட்டிக்கொண்டு வந்தார்கள். தார் ரோடும் வெட்டிவிட்டாள், டையும் அடிப்பதில்லை. அழுதுகொண்டே, "இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவீங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இப்போது வரிசையில் நின்றால் எல்லாப் பின்னந்தலையும் ஒரே மாதிரி இருக்கிறது, எல்லாம் என் தலை மாதிரி. யாருக்கும் ஆபத்து இல்லை. அந்த மட்டில் நல்லதுதான் நடந்திருக்கிறது.

என்னமோ ஒரு படத்தைக் காட்டுகிறீர்கள். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, கிட்டே கொண்டுவாருங்கள்.

ஓ, இது தெருமுனை பார்லரில் மாட்டியிருக்கிற படம்தானே, காதளவு வெட்டிய தலை. இதைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள் என்கிறீர்கள். மறுநாளைக்கு. பார்லர்காரி சொன்னாளாக்கும். அவள் வாய் சும்மா இருக்காது.

தெரியும். தெரியாமல் என்ன. சின்னவளே என்னிடம் சொன்னாள். அன்றைக்குக் காலையில்தான், நான் பின்னலைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது.

"அக்கா, நாளைக்கு வெட்டிக்கப் போறேன். காது வரைக்கும். நீ ஜெயிச்சிட்ட, போதுமா?"

என் வாயில் ஊசி இருந்தது.

"இனிமே நீ விடியறதுக்கு முன்னாடி எழுந்து எனக்காக உக்கார வேண்டாம். நானே ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டுப் போயிடுவேன். அவரு வீட்லேருந்து நேரா ஆலைக்கு. நீயும் கொஞ்சம் தூங்குக்கா, எத்தனை வருஷமாச்சு நீ தூங்கி." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "என்ன, சந்தோஷமா இல்லையா?"

தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் ஊசிகளைப் பல்லிலிருந்து எடுத்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள் மேடம், கடைசி வரியை நான் சொல்கிறபடியே எழுத வேண்டும். நான் செய்தது எல்லாம் அவள் நன்மைக்குத்தான். வயதாகிவிட்டது, முடியை வெட்டு, வெட்டு என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை.