அடுப்படி வழியாகப் போகும் பைப்

— கத்தியைக் கீழ வைடா தோதெர். என் அடுப்படிக்குள்ள வந்து பைப்பைத் தொட உனக்கு யார் சொன்னது?

— பைப் உன்னுது இல்லக்கா. என் பாய்லர்லேருந்து வெந்நீர் கிளம்பி என் பின்ரூமைச் சூடாக்கப் போகுது. நடுவுல உன் அடுப்படி இருக்கு, அவ்வளவுதான்.

— வீட்டைப் பிரிச்சப்ப அப்பா என்ன சொன்னார்? சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் மூத்தவ சவேத்தாவுக்குன்னார். மறந்துட்டியோ?

— பைப்பைத் தூக்கிட்டா போகப்போறேன்? மேல இந்த ஃபோம் உறையை மாட்டி டேப் சுத்துவேன், அவ்வளவுதான். உனக்குக் கொஞ்சம் சூடு குறையும்.

— கொஞ்சமாம். வெளிய பனி ஜன்னல் வரைக்கும் ஏறிக் கிடக்கு. என் கட்டிலே இந்தப் பைப்பை ஒட்டித்தான். முட்டி வலிக்கு ஒத்தடம், ஈரத்துணிக்குக் கொடி, எல்லாம் எனக்கு இதுதான்.

— அடுப்புதான் இருக்கே. விறகு நான் தர்றேன்.

— அடேங்கப்பா. எதிர்ல வந்தா மூஞ்சியைத் திருப்பிட்டுப் போறவன் விறகு தர்றானாம். பின்ரூம்ல வெங்காயமும் சோளமும்தானே கொட்டி வச்சிருக்கே? வெங்காயத்துக்குக் குளிருதோ?

— அங்க ஆள் இருக்கு.

— வாடகைக்கு விட்டுட்டியா? பனிச்சறுக்கு விளையாட வர்ற டவுன்காரனுக்கா?

— இல்ல.

— பின்ன, பொண்டாட்டி உன்னை அங்க விரட்டிட்டாளா?

— வம்பு வேண்டாம்க்கா. பசங்க ரெண்டு பேருக்கும் அம்மை. முன்ரூம்ல கிடக்கறானுங்க. அவனுங்க பக்கத்துல வச்சுக்க முடியாது.

— யாரை?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

— அப்ப வாக்கைக் கட்டிக்கிட்டு அழு. ஒரு ஹீட்டர் வாங்கி வை. பைப்பை விடு.

— காலைலேருந்து கொட்டுற பனில எந்தக் கடைக்குப் போறது? இந்த உறையே போன வருஷம் வாங்கிப் போட்டது. இங்க தொட்டுப் பாரு, கொதிக்குது. பின்ரூமைச் சூடாக்குற ரேடியேட்டர் நாய் மூக்கு மாதிரி சில்லுன்னு இருக்கு. நான் அள்ளிப் போடுற விறகுச் சூடு பூரா உன் அடுப்படிலயே நின்னுடுது.

— நிக்கட்டுமே. எனக்குன்னு வேற யாரு இருக்கா? பெத்தது ஒண்ணு. அதுவும் ஓடிப்போச்சு.

— இலியானா ஓடிப்போகல. நீ துரத்தினே.

— அந்தப் பேச்சை எடுக்காதடா. கல்யாணமான லாரிக்காரன்கிட்ட ஏமாந்து வயித்தோட வந்து நின்னா, விருந்தா வைப்பாங்க? என் வாசப்படி மிதிக்காதன்னேன். எந்தத் தாயும் அதைத்தான் சொல்லுவா.

— மிதிக்கல. இன்னைக்கு விடியக்காலைல வந்தப்பகூட உன் வாசலை மிதிக்கல. சுத்திக்கிட்டுப் பின்சந்து வழியா என் வாசலுக்குத்தான் வந்தா.

— யாரு? தோதெர், என்னைப் பாத்துச் சொல்லு. யாரு வந்தது?

— வாக்குப் போனாப் போகட்டும். உன் பொண்ணுதான். க்ளூஜ் டவுன் ஆஸ்பத்திரிலேருந்து நேரா வந்திருக்கா. கைல குழந்தை.

— இன்னும் நாள் இருக்கே. அடுத்த மாசம்தானே?

— நாள் எண்ணிக்கிட்டுதான் இருந்தியா?

— கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.

— முன்னாடியே பொறந்துடுச்சு. ஒரு ரொட்டி கனம்தான் இருக்கு. உடம்புச் சூடு இறங்காமப் பாத்துக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மார்லயே போட்டுப் போர்த்திட்டு உக்காந்திருக்கா. அவளுக்கே பல்லு கிட்டிக்குது.

— பையனா?

— பொண்ணு.

— பால் குடிக்குதா?

— குடிக்குது. நடுவுல அசந்து தூங்கிடுது.

— தூங்க விடக்கூடாதுடா, பாதத்தைச் சுண்டி விடணும். இங்க தூக்கிட்டு வரச் சொல்லு. என் கட்டில்ல படுக்கட்டும்.

— சொல்லாம இருப்பேனா? செத்தாலும் அம்மா பக்கம் வர மாட்டேங்கிறா. உனக்குத் தெரியவே கூடாதாம்.

— நானே வந்து கூப்பிட்டா?

— இந்தப் பனில குழந்தையோட இறங்கிப் போயிடுவா. கால்ல பூட்ஸைக்கூட இன்னும் கழட்டல.

— பூட்ஸைக் கழட்டலையா?

— போன்னா இப்பவே போறவ மாதிரிதான் உக்காந்திருக்கா.

— இந்தக் கட்டிலை அந்தப் பக்கம் இழு. டேப்பை எங்கிட்டக் கொடு, நீ கீழேருந்து மாட்டிட்டு வா. வளைவுலயும் விடாமச் சுத்தணும்டா. எனக்குன்னு ஒரு விரக்கடை இடங்கூட விட்டுடாத.