சீட்டு ஒட்டாத பாத்தி

— இன்னும் ஆழமாக் கொத்து. பூமிக்கு வலிக்குமேன்னு தடவிக்கிட்டிருக்கே.

— அக்கா, முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்தான் ஆச்சு. நேத்துதான் உன் மகன் வீட்டுலேர்ந்து வந்தே. உள்ளே போய் உக்காரேன். நான் எல்லாத்தையும் தோண்டி, கழுவித் துடைச்சுக் கூடையில வச்சுக் கொண்டாரேன்.

— கழுவியா? காட்டு ஐரிஸ் பூக்கிழங்கைக் கழுவற அன்னிக்கு நான் உசுரோட இருக்கக் கூடாது. தோண்டு. பத்தரைக்குத் தாவரக் காப்பகத்து அம்மா வண்டியோட வந்துடுவாங்க.

— ஒண்ணு ரெண்டு குறைஞ்சா என்னக்கா பண்ணுவாங்க?

— ஏன் குறையணும்? நாப்பது கேட்டாங்க, நாப்பதும் இங்கே இருக்கு. இது பூத்த மலையை வெடி வச்சு ஜல்லியாக்கி ஏத்திட்டாங்க. அங்கே ஒண்ணுகூட மிச்சமில்லை. பக்கத்து மலையில இதை வச்சுத்தான் திரும்பப் பிழைக்க வைக்கப் போறாங்க. என்ன, கை நின்னுடுச்சு?

— ஒண்ணுமில்லை. எறும்பு.

— இந்த மண் ஏன்டி கறுப்பா இருக்கு?

— நிழல்க்கா.

— உன் நிழல் அந்தப் பக்கம் விழுது. இந்தப் பக்கம் ஏது நிழல்? ஒரு பிடி அள்ளி என் கையில குடு.

— அக்கா...

— கேக்கறேன்ல, குடு.

— இந்தா.

— ஈரம்.

— எங்கேயாவது மழை...

— ஆறு வாரமா ஒரு தூத்தல்கூட இல்லைன்னு நீதானே போன்ல புலம்பினே? கிழங்கு எங்கே? முதுகு வெளியே தெரிய, வெயில் படற மாதிரியில்ல நட்டிருந்தேன்?

— எலும்பும் தோலுமாத் துருத்திக்கிட்டு நின்னுச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. எருவும் மண்ணும் போட்டு மூடினேன்.

— மூடி?

— தண்ணி ஊத்தினேன்.

— எத்தனை நாள்?

— தினமும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சத்தியமாக்கா, ஒரு நாள்கூட மறக்கலை.

— ஒரு கிழங்கை எடுத்து அமுக்கு.

— வேண்டாம்க்கா.

— அமுக்குடி!

— கொழகொழன்னு வருது.

— மோந்து பாரு.

— நாறுது.

— அடுத்த வரிசை?

— பாக்க வேண்டாம்க்கா. காலையில நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே வந்து விரலை விட்டுப் பாத்துட்டேன். நாப்பதும் போச்சு.

— பாத்துட்டுத்தான் என்கூட உக்காந்து டீ குடிச்சியா? ரெண்டு கப்பு?

— குடிச்சு முடிச்சதும் சொல்லிடலாம்னுதான் பாத்தேன். சத்தியமா.

— உன் சத்தியத்தைக் கொண்டு போய்க் குப்பையில போடு. விதையிலேர்ந்து பூ வர நாலு வருஷம். நாலு வருஷம்டி! பூத்து முடிஞ்சா அது தூங்கப் போகும். இலையெல்லாம் சருகாகும். அதுதான் அதுக்கு ஆரோக்கியம். அந்த நேரத்துல வெயில்ல காயணும், ஒரு சொட்டுத் தண்ணி காட்டக்கூடாது.

— இதை நீ எப்போ சொன்னே? தொட்டி தொட்டியாச் சீட்டு ஒட்டிட்டுப் போனே, மருந்துக்கடையில பாட்டிலுக்கு ஒட்டற மாதிரி. ‘காலை ஒரு மக்.’ ‘வாரம் ஒரு தடவை.’ ‘இரண்டு நாளுக்கு அரை மக்.’ இந்தப் பாத்தியில மட்டும் ஒரு சீட்டும் இல்லை.

— சீட்டு இல்லைன்னா மருந்து கிடையாதுன்னு அர்த்தம். முப்பது வருஷம் மருந்து எடுத்துக் குடுத்தவ நான். எழுதாததை எவனாவது குடுப்பானா?

— நான் தையக்காரி. ஒருத்தர் சட்டைக்குக் கை அளவு எழுதாம விட்டுட்டா கையே வேண்டாம்னா தைப்பேன்? மறந்துட்டாங்கன்னு பொதுவா ஒரு அளவு வச்சுத் தைச்சுடுவேன். ஆபரேஷன் பதட்டத்துல நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்.

— கேக்க வாய் இல்லையா? கையில போன் இல்லையா?

— பயம்க்கா. ‘இதுகூடத் தெரியாதா’ன்னு கேப்பே. இலை பழுத்துச் சாய ஆரம்பிச்சதும் இன்னும் பயம். நீ வந்து பாத்தா என்னைக் கொன்னுடுவேன்னு ஒரு மக் கூடவே சேத்து ஊத்தினேன்.

— அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க? பாசத்தை அண்டாவுல கரைச்சு ஊத்தியிருக்கே.

— திட்டு. நல்லாத் திட்டு.

— திட்டினா முளைச்சுடுமா? அந்தம்மா வந்து நிப்பாங்க. மலையும் போச்சு, பாத்தியும் போச்சு, இனி இந்தப் பூவே கிடையாதும்மான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்? அந்தப் பன்னண்டு இருந்திருந்தாலாவது...

— அதைப் பத்தி இப்ப எதுக்குக்கா?

— எதுக்கா? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரே சாயங்காலத்துல பன்னண்டு கிழங்கைத் தோண்டிட்டுப் போனாரே எதிர் வீட்டுக் கடிகாரக்காரர். அது இருந்தா இன்னிக்கு நான் இப்படிக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பேனா?

— அவர் எடுத்ததை நீ கண்ணால பாத்தியா?

— தோட்டத்துப் பின்பக்கக் கேட்டுச் சாவி யார் யார்கிட்ட இருந்துச்சு? என்கிட்ட, உன்கிட்ட, அவர்கிட்ட. வெடி வைக்கறதுக்கு முன்னாடி மலையில ரெண்டு பேரும் சேந்துதான் விதை பொறுக்கினோம். கடை மூடினதும் நேரா இங்கே வருவாரு. கடிகாரம் பாக்கற லென்ஸைக் கண்ணுல இடுக்கிக்கிட்டு ஒவ்வொரு இதழாப் பாப்பாரு. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் நாள் முழுக்க மருந்துக்கடையில நின்னேன். அப்படிப்பட்ட ஆள்கிட்ட ‘சாவியைக் குடுங்க’ன்னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசலை. மேஜையில வச்சுட்டுப் போயிட்டாரு. குத்தமில்லாதவர்னா வாயைத் திறந்திருக்க மாட்டாரா?

— ‘நம்பாதவங்ககிட்ட என்ன சொல்லி என்ன’ன்னு இருந்துட்டாரு.

— அவர் மனசுல இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?

— அவரே சொன்னாரு.

— நீ அவரோட பேசினியா? எப்போ?

— அக்கா, அந்த நாற்காலியில உக்காரு.

— நிக்கறேன். கேக்கறேன், சொல்லு.

— நான்தான் எடுத்தேன்.

— எதை?

— பன்னண்டையும். விக்கறதுக்கு இல்லைக்கா, சத்தியமா. ஒரே ஒரு கிழங்கு குடுன்னு உன்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்? ‘உன் கையில கள்ளிச்செடிகூடச் செத்துப்போகும்’னு தெருவே கேக்கச் சிரிச்சே. அவருக்குச் சாவி, அவருக்குப் பூ. கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணுமில்லை. வயிறு எரிஞ்சுது. ஒண்ணு எடுக்கத்தான் வந்தேன். கை நிக்கலை. தையல் பை நிறையற வரைக்கும் எடுத்தேன்.

— ரெண்டு வருஷம்! அந்த மனுஷனைத் திருடன் திருடன்னு நான் வாய் ஓயாமச் சொல்றேன். நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டினே.

— ஆட்டினேன்.

— அந்த வீடே என் கண்ணுல படக்கூடாதுன்னு ஜன்னலுக்குத் திரை போட்டேனே, அதைத் தைச்சது யாரு?

— நான்தான். ரெட்டைத் துணி வச்சு, வெளிச்சம்கூட வராம. ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சேன்.

— பிரிச்சுத் தைச்சாளாம். வாய் மட்டும் திறக்கலை. கிழங்கையா திருடினே? என் சாயங்காலத்தை எல்லாம் திருடினேடி நீ!

— தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா?

— என்ன பண்ணினே அதை? உன் வீட்டுல நட்டு, அதுக்கும் ரெண்டு வேளை தண்ணி ஊத்திக் கொன்னியா?

— நடவே இல்லை. என் கைக்கு ஒண்ணும் வராதுன்னு நீ சொன்னதை நானும் நம்பிட்டேன். ஒரு வாரம் பையிலேயே கிடந்துச்சு. அப்புறம் வேற ஒரு கையில குடுத்துட்டேன்.

— உசுரோட இருக்கா?

— பெருகிடுச்சு. போன தடவை பூத்தப்ப தூர நின்னு எண்ணினேன். அறுபது தண்டு.

— யார் கையில குடுத்தே? சொல்லித் தொலை!

— உள்ளே வா, உன் ரூமுக்கு. படி இருக்கு, பாத்து.

— வாசல்ல வண்டிச் சத்தம். வந்துட்டாங்க.

— வரட்டும். அந்தத் திரையைத் தள்ளு.

— மாட்டேன்.

— தள்ளுக்கா. அழுதுக்கிட்டே அவர்கிட்டதான் கொண்டு போய்க் குடுத்தேன். ‘உங்க அக்காகிட்ட நீங்களாச் சொல்லுங்க. அது வரைக்கும் நான் வளக்கறேன், என் வாயால சொல்ல மாட்டேன்’னாரு. நான் கோழை, சொல்லவே இல்லை. ரெண்டு வருஷமா நீயும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பலை. இப்பப் பாரு, அவர் மொட்டை மாடியை.

— எல்லாத் தொட்டியும் காஞ்சு கிடக்கு. அத்தனையும் சருகு. ஒரு சொட்டுத் தண்ணி காட்டலைடி அந்த மனுஷன். வரிசை வரிசையா என் ஜன்னலைப் பாக்க அடுக்கி வச்சிருக்காரு.

— கைத்தடி இந்தா. நான் ஓடிப் போய் அவரைக் கேக்கட்டுமா?

— நீ போய் அந்தம்மாவை உக்கார வை. தெருவைத் தாண்டி நான்தான் போகணும். அதுக்கு முன்னாடி மேஜை டிராயரைத் திற. அடியில அவர் வச்சுட்டுப் போன சாவி கிடக்கும், அதை எடுத்துக் குடு.