மூன்றாம் நம்பர் படகு

ஃபைபர் வேலை பார்க்கிறவனுக்கு வருடம் முழுக்க அரிப்புதான். கண்ணாடி நார்த் தூள் சட்டைக்குள் இறங்கிவிட்டால் தேங்காய் எண்ணெய் தேய்த்தாலும் லேசில் போகாது. அதை விட்டால் சுங்குவார்சத்திரத்தில் எங்கள் பட்டறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாளி சுப்பராயன் நல்ல மனிதர். தண்ணீர்த் தொட்டியும் நாற்காலியும் செய்துகொண்டிருந்த எங்களுக்கு இந்த வருடத் தொடக்கத்தில் படகு ஆர்டர் வந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகு. கயாக் என்பார்கள்.

நீங்கள் கேட்டது தாவீதைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன் ஐயா.

அவன் தண்டலத்துக்காரன். என்னிடம் ஹெல்பராக வந்தவன். ரெசின் கலக்குவதிலிருந்து ரோலர் உருட்டுவது வரை நான் சொல்லிக்கொடுத்ததுதான். நாலே வருடத்தில் என்னைவிட நன்றாகச் செய்தான். "தாவீது கை பட்டா லீக்கே கெடியாதுப்பா" என்று முதலாளி என் எதிரிலேயே சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வல்லக்கோட்டையில் வீட்டுக்குப் போனதும், வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்று புலம்புவேன். உண்மையில் அவன் எங்கேயும் பாயவில்லை. மத்தியானச் சாப்பாட்டை என்னோடு பங்கு போட்டுத்தான் சாப்பிட்டான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் செய்தவனே முதலில் அதில் இறங்கிக் காட்ட வேண்டும். அதன்படி ஆகஸ்டில் மூன்று படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனோம். ஒன்றாம் நம்பர் என்னுடையது, இரண்டாம் நம்பர் எங்களோடு வேலை பார்க்கும் டில்லிபாபு செய்தது, மூன்றாம் நம்பர் தாவீதுடையது. ஏரியில் தீவு தீவாகச் சுற்றி, ஒரு ராத்திரி மணல் தீவில் கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் கரைக்குத் திரும்ப வேண்டும். முதலாளி கரையில் காத்திருப்பார். "படகு நல்லபடியா வந்திச்சுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன சூப்பர்வைசர் போட்டுர்றேன்" என்று என்னையும் தாவீதையும் பார்த்துச் சொல்லியிருந்தார்.

அந்தப் படகில் முன்னும் பின்னும் காற்றுப் பெட்டி இருக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தாலும் படகு முழுகாமல் தாங்குவது அதுதான். வார்க்கும்போது சூட்டில் பெட்டி உப்பிவிடாமல் இருக்க ஒரு ஊசி ஓட்டை விடுவோம். கடைசியில் அதைப் பட்டி வைத்து அடைத்து, அடைத்தவன் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். லாரி வருவதற்கு முன்னால், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மூன்றாம் நம்பரின் பின்பெட்டியில் இருந்த பட்டியை என் சைக்கிள் சாவியால் சுரண்டி எடுத்தேன். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். அவன் நனைய வேண்டும், படகு லீக் என்று முதலாளி கண்ணால் பார்க்க வேண்டும். வேறு எண்ணம் இல்லை.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டை தண்ணீருக்கு மேலேயே இருந்துவிட்டது. சாயங்காலம் தீவில் டில்லிபாபு மீன் குழம்பு வைத்தான். தாவீது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ண்ணா, எனக்கு நீச்சல் வராதுன்னு மொதலாளியாண்ட சொல்லல. நீயும் சொல்லிடாத. நம்ம செஞ்ச படகுதான, இன்னா ஆயிடப் போவுது?"

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாத்திரங்கள், தண்ணீர் கேன், கூடாரத் துணி எல்லாவற்றையும் அவன் படகின் பின்பக்கம் கட்டினேன். "உன் படகுதான்டா நல்லா தாங்கும்" என்றேன். அதில் அவனுக்குப் பெருமை. மிதவைச் சட்டை வேர்க்கிறது என்றான். கழற்றி மூட்டை மேல் போடச் சொன்னேன். நானும் கழற்றினேன். அந்த வெயிலில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில்தான் ஆழமும் இழுப்பும். டில்லிபாபு முன்னால் போய்விட்டான். முகத்துவாரம் பக்கமாகப் போனால் சுற்று குறையும் என்று தாவீதைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதியில் "ண்ணா, பின்னாடி கனமா கீதுண்ணா" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போய், படகு புரண்டு அவனைக் கொட்டிவிட்டு, மூட்டையும் சட்டையுமாக இழுப்போடு போய்விட்டது. அவன் என் படகைப் பிடித்தான். துடுப்பால் கையை விலக்கிவிட்டேன். பிடிக்க விட்டிருந்தால் படகு கவிழ்ந்து இரண்டு பேரும் போயிருப்போம்.

பழவேற்காடு ஸ்டேஷனில் ஏட்டையா எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றதும் மே மாதத்தில் அங்கே நடந்த குண்டுவெடிப்புச் சமாசாரத்தைத்தான் துருவித் துருவிக் கேட்டார். தாவீதுக்கு இரண்டு வரி எழுதினார். பட்டறையில் ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தார்கள். பின்பெட்டி அடைத்தவர் என்ற இடத்தில் அவன் கையெழுத்து. சரியாக அடைக்காமல் தானே போய்ச் சேர்ந்தான் என்று முடிந்தது. நான் சூப்பர்வைசர் ஆனேன்.

போன மாதம் அவன் மனைவி ராஜாமணி பட்டறைக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"எங்க வூட்டுக்காரு வேலையில தப்பு பண்ணிட்டாரு. அவரால உங்க பட்டறை பேரு கெட்டுப் போச்சு. நீ கத்துக் குடுத்த பேரும் கெட்டுப் போச்சு. மன்னிச்சிக்கோண்ணா" என்று கைகூப்பினாள்.

நான் "பரவால்லம்மா" என்றேன்.

அவன் செத்த அன்றுகூட எனக்கு வெட்கம் வரவில்லை ஐயா. அந்த 'பரவால்லம்மா' என் வாயிலிருந்து வந்ததே, அப்போது வந்தது. அதன்பின் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போக என்னால் முடியவில்லை. நானாகத்தான் இங்கே வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரிதான், ஒரு வரி தவிர. இரண்டு பேரும் போயிருப்போம் என்று நான்தான் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள்.

ஜூலையில் பட்டறைக்குப் பின்னால் உள்ள ஏரியில் என் படகைச் சோதித்துப் பார்த்தோம். நான் உட்கார்ந்திருந்தேன். மார்பளவுத் தண்ணீரில் தாவீது படகின் மூக்கைப் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினான். பக்கவாட்டில் பிடித்தால்தான் கவிழும், மூக்கைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

முகத்துவாரத்தில் அவன் கைக்கு முதலில் அகப்பட்டது என் படகின் பக்கம்தான். படகு ஆடியது. என் முகத்தைப் பார்த்தான். நீச்சல் தெரியாதவன், கை மாற்றிக் கை மாற்றி நகர்ந்து போய் மூக்கைப் பிடித்துக்கொண்டான். ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகுதான் நான் துடுப்பை எடுத்தேன்.